முதல் குடம்

அந்த வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். முட்டியில் தைலம் தேய்க்காமல் படியேற முடியாத, தலை முழுக்க நரைத்த, சீக்கிரமே ஓய்வு பெறப்போகிற ஒருத்தியைப் பாப்பா என்று கூப்பிட அவள் அண்ணனுக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. அலுவலகத்தில் அவள் மேடம். நிலத்தடி நீரில் என்னென்ன கிருமி வாழ்கிறது, என்னென்ன விஷம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது உத்தியோகம். பெட்ரோல் பங்க்குக்கு அடியில் மண்ணுக்குள் கசிந்த எண்ணெயைத் தின்று உயிர்வாழும் கிருமிகளைத் தேடிப் பிடித்து, வளர்த்து, அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதி, பெரிய பெரிய சபைகளில் பேசிவிட்டு வந்தவள். அண்ணன் வீட்டு முன்னறையில் தையற்கடை வைத்திருந்தார். சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டே, "என் தங்கச்சி பெட்ரோல் குடிக்கிற பூச்சி வளக்குறா, தெரியுமா?" என்பார். அளவு கொடுக்க வந்தவர் கையை நீட்டியபடி நிற்க வேண்டியதுதான். கதை முடிகிறவரை டேப் தோளைவிட்டு இறங்காது.

அவள் தொழிலில் ஒரு விதி உண்டு. குழாயைத் திறந்தவுடன் வருகிற தண்ணீரைப் பிடிக்கக் கூடாது. அது இரவெல்லாம் குழாய்க்குள் தூங்கிக் கிடந்த தண்ணீர். அதைச் சோதித்தால் குழாயின் யோக்கியதைதான் தெரியுமே தவிர, பூமிக்கடியில் இருப்பது தெரியாது. அதனால் மோட்டாரை ஓடவிட்டுத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் மீட்டரை ஓர் ஓரமாக நனைத்து வைத்திருப்பார்கள். அதில் எண் ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டம் நின்றால் ஆழத்துத் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம்தான் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, குழாய் வாயைச் சுட்டு, கிருமி நீக்கிய பாட்டிலைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டிக்குள் வைப்பது. பொறுமையில்லாத சின்னப் பயல்கள் சீக்கிரமே பிடித்துக்கொண்டு வந்தால் அந்தப் பாட்டிலை அவர்கள் கண் முன்னாலேயே தொட்டியில் ஊற்றிவிட்டு, திரும்பப் போய்ப் பிடித்து வா என்று அனுப்பிவிடுவாள். இலாகா முழுக்க அவள் வகுத்த முறைதான் நடந்தது.

இதனால் ஒரு வேடிக்கையும் நடக்கும். அவள் ஜீப் வருகிறது என்று தெரிந்தால் போதும், கிணற்றடிக்கும் குழாயடிக்கும் பெண்கள் குடமும் வாளியுமாக ஓடி வருவார்கள். இவ்வளவு தண்ணீரைச் சும்மா கொட்டுகிற பைத்தியம் வேறு எங்கே கிடைக்கும்? "கொட்டுற டாக்டரம்மா" என்று பல இடங்களில் அவளுக்குப் பெயர். அவள் அதைக் கேட்டுச் சிரிப்பாள். வீணாகப் போகிற தண்ணீர் நாலு பேருக்கு உதவுகிறதே என்று உள்ளூர ஒரு திருப்திகூட.

அண்ணன் வீட்டுக் கொல்லையில் ஒரு போர்க்கிணறு இருந்தது. அண்ணன் தெருப்பக்கச் சுவரில் ஒரு குழாய் வைத்து, தெருவே அதில் குடிதண்ணீர் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார். காலையில் மோட்டார் போடுவது அண்ணிதான். போட்டதும் கொல்லைக் குழாயில் வீட்டுக்கு வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் தெருக்குழாயைத் திறப்பாள். வீட்டுக்காரிக்கு முதல் குடம் என்பதில் தெருவில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. தண்ணீர் அவர்களுடையது, கரண்டும் அவர்களுடையது, அந்த மரியாதைகூட இல்லையென்றால் எப்படி?

அந்த வீட்டுக்குத்தான் வயிறு சரியில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

முதலில் அண்ணிக்கு. காய்ச்சலும் பேதியுமாக விழுவாள், எழுந்திருப்பாள், உடம்பு தேறுவதற்குள் மறுபடி விழுவாள். அப்போதே பாப்பா ஐஸ் பெட்டியோடு வந்து சோதித்தாள். முறைப்படி கொட்டி, முறைப்படி பிடித்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. "அண்ணி, இந்தத் தண்ணியைக் கொதிக்க வெக்கிறது கேஸுக்குத்தான் கேடு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். உடம்பு கெட்டபின் தண்ணீர் காய்ச்சத் தொடங்கியிருந்த அண்ணி, அன்றோடு அதை நிறுத்தினாள். அண்ணன் அந்த வார்த்தையைத் தெரு முழுக்கச் சொன்னார். தெருக்காரர்களும் நல்லவர்கள்தான், ஆனால் வாய் சும்மா இருக்குமா? ஊரே குடிக்கிற தண்ணீர், இவர்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் நோய் வருகிறது? அப்படியென்றால் அந்தச் சமையலறையில்தான் ஏதோ சுத்தக் குறைவு. இதை யாரும் அண்ணியின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் அவள் கொடுத்தனுப்பும் பலகாரக் கிண்ணங்கள் தொடாமலேயே திரும்பி வர ஆரம்பித்தன. அண்ணிக்குப் புரிந்தது. பாத்திரத்தைத் தேய் தேய் என்று தேய்த்தாள். விரல் நுனியெல்லாம் தோலுரிந்து கிடந்தது.

அப்புறம்தான் அண்ணன் மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கினாள். புருஷனுக்குத் தூரத்தில் வேலை, தனியாகச் சமாளிக்க முடியவில்லை. பால் போதாமல் பவுடர் பால் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. நின்றது, மறுபடி வந்தது. ஒருநாள் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல், கண் உள்ளே போய், வாய் காய்ந்து கிடந்தபோது எல்லோருக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் தலையில் நரம்பு தேடி ஊசி குத்தி மருந்தேற்றினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே தண்ணீரைப் பற்றித்தான்.

"தண்ணிய டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

அண்ணனுக்கு வந்ததே கோபம். "டாக்டர், என் தங்கச்சி யாருன்னு தெரியுமா உங்களுக்கு? ஊர்ல இருக்கிற தண்ணியெல்லாம் அவ நல்லதுன்னு சொன்னாத்தான் நல்லது. எங்க வீட்டுத் தண்ணிய அவளே பாத்திருக்கா."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு மகளைப் பார்த்தார். "அப்போ பாட்டில நல்லாக் கழுவணும்மா. கையையும் கழுவணும்."

மகள் பாட்டிலை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். அவளுடைய மாமியார் போன் செய்து அதையேதான் நீட்டி முழக்கிச் சொன்னாள்.

பாப்பா மறுநாளே வந்தாள். முதல்நாள் முழுக்கக் கிணறு கிணறாக அலைந்துவிட்டு வந்த உடம்பு. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அண்ணி துணி மாற்றிக்கொண்டு போக ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். பாப்பா வந்ததும் பழக்கதோஷத்தில் நேராகக் கொல்லைக்குப் போய் மோட்டாரைப் போட்டாள்.

"நீ எதுக்கு நிக்கற பாப்பா, அந்தக் கல்லு மேல உக்காரு. காலப் பாரு, வீங்கிப்போய் இருக்கு."

"குழந்தை எப்படி இருக்கு அண்ணி?"

"கண்ணு முழிச்சுப் பாத்துச்சு. உங்க அண்ணனப் பாத்து வாயக் கோணுச்சு. அழுகையா சிரிப்பான்னு தெரியல, ஆனா அவரு சிரிப்புன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காரு."

"அவரு அப்படித்தான்."

பாப்பா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, மீட்டரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் நனைத்து வைத்தாள். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அண்ணி வழக்கம்போல் குடத்தை அடியில் வைத்தாள். நிரம்பியதும் இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள், அடுத்ததை வைத்தாள். நாத்தனார் வீணாக்குகிற தண்ணீரைப் பிடிப்பதென்றால் அண்ணிக்கு என்றைக்கும் ஒரு சந்தோஷம். இன்றைக்கு அது முகத்தில் இல்லை, கை மட்டும் தன் வேலையைச் செய்தது.

"குடிக்க ஏதாவது குடு அண்ணி. தொண்டை காயுது."

அண்ணி உள்ளிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். "இப்பப் பிடிச்சதுதான், ஜில்லுனு இருக்கு. குடி."

பாப்பா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள். கண் மீட்டரில் இருந்தது. எண் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஆடும், கொட்டட்டும் என்று வாயில் முணுமுணுப்பாக வந்தது. கை அப்படியே நின்றது. டம்ளர் உதட்டில் பட்டபடி இருந்தது.

மீட்டர் நிற்பதற்கு முந்தின தண்ணீர்தான் டம்ளரில் இருந்தது. அவள் கொட்டுகிற தண்ணீர். தொட்டுப் பார்க்கக்கூட லாயக்கில்லை என்று பாட்டிலுக்குள் விடாமல் விரட்டுகிற தண்ணீர். அதைத்தான் இந்த வீடு தினமும் குடிக்கிறது.

"என்ன பாப்பா, தூசி கீசி விழுந்திருக்கா?"

"இல்ல அண்ணி." அவள் டம்ளரை மெதுவாகக் கல்லின் மேல் வைத்தாள். "காலைல மோட்டார் போட்டதும் வர்ற தண்ணிய என்ன பண்ணுவே?"

"என்ன பண்ணுவேன்? பிடிப்பேன். குடிக்கிறதுக்கு, புள்ளைக்குப் பால் கலக்கறதுக்கு எல்லாம் அந்த முதல் குடம்தான். ராவெல்லாம் அசையாம தெளிஞ்சு நின்ன தண்ணியாச்சே."

பாப்பா பெட்டியைத் திறந்தாள். டம்ளரில் இருந்ததைப் பாட்டிலில் ஊற்றி மூடினாள். கிருமி நீக்காத டம்ளரிலிருந்து எடுத்த சாம்பிள், எந்த முறைக்கும் அடங்காதது. வேறு யாராவது செய்திருந்தால் அவளே தொட்டியில் ஊற்றியிருப்பாள். மறுநாள் காலையில் அண்ணி எழுந்திருக்கும் முன்பே வந்து, தானே மோட்டாரைப் போட்டு, முதலில் விழுந்த தண்ணீரை ஒரு பாட்டிலிலும், எண் நின்றபின் வந்ததை இன்னொரு பாட்டிலிலும் பிடித்துப் போனாள்.

சோதனைச்சாலையில் கிருமி வளர்க்கும் கூழின் வாசனை, சூப் கொதிக்கிற மாதிரி, எப்போதும் காற்றில் இருக்கும். அவள் புடவையிலிருந்து அந்த வாசனை போனதே இல்லை. வளர்ந்த தட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கடைசித் தண்ணீரின் தட்டு வெறுமையாக இருந்தது. முதல் தண்ணீரின் தட்டில் எண்ணவே முடியாதபடி புள்ளிகள் அப்பிக் கிடந்தன. மலத்திலிருந்து வருகிற கிருமி. இளநிலைப் பணியாளர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தச் சாக்கடை மேடம்?" என்று கேட்டார். அவள் தட்டை மூடினாள்.

விஷயம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. போர்க்குழாயின் மேல்பகுதி, சாக்கடை ஓடுகிற பக்கத்தில் விரிசல் விட்டிருந்தது. மோட்டார் ஓடாத நேரமெல்லாம் சாக்கடைக் கசிவு சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்து தேங்கும். மோட்டார் போட்டதும் முதலில் வருவது அதுதான். ஓட ஓட ஆழத்துத் தண்ணீர் வந்து எல்லாவற்றையும் அலசிவிடும். அலசின தண்ணீரைத் தெரு குடித்தது. அலசின தண்ணீரைத்தான் பாப்பாவும் சோதித்தாள். முதல் குடத்து மரியாதை அண்ணி வீட்டுக்கு.

குழந்தை வீட்டுக்கு வந்த அன்று பாப்பா விஷயத்தைச் சொன்னாள். சமையலறையில் அண்ணி, வாசல்படியில் அண்ணன், தரையில் காலை நீட்டி மடியில் குழந்தையைப் போட்டபடி மகள். குழந்தை சுருங்கிப்போய், பழைய சட்டை தொளதொளவென்று தொங்க, தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் சொல்லி முடித்ததும் அண்ணன்தான் முதலில் பேசினார்.

"அப்போ தண்ணி நல்ல தண்ணிதான். இவ பிடிச்ச நேரம்தான் தப்பு. அப்படித்தானே?"

"அண்ணே..."

"கேளு. நான் எத்தனை தடவ சொல்லியிருக்கேன், ஒரு சொட்டு கீழ போகக் கூடாதுன்னு ஏன்டி இப்படி உசுர விடறேன்னு. பிசினாறி. கொஞ்சம் கொட்டிட்டுப் பிடிச்சிருந்தா புள்ளைக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். "ஆமாங்க," என்றாள். "நான்தான். பாப்பா கொட்டுனா நான் அதையும் விடாம பிடிச்சேன். அவ எதுக்குக் கொட்டுறான்னு ஒரு நாள்கூட யோசிக்கல. என் கையாலயே என் பேரனுக்கு..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "தெருவுல கேட்டா இதையே சொல்லிடலாம் பாப்பா. கொழாய் தப்பில்ல, தண்ணி தப்பில்ல, பிடிக்கிற வெதம்தான்னு. விரிசல நாளைக்கே ஆளக் கூப்பிட்டு அடைச்சுடறேன். உன் பேருக்கும் ஒண்ணும் வராது. ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்கு?"

அண்ணன் கெட்டவர் இல்லை. தங்கையின் பேர் போனால் அவரிடம் மிச்சம் பெருமைப்பட என்ன இருக்கிறது? அதைக் காப்பாற்றப் பெண்டாட்டியைப் பலி கொடுக்கிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், பாப்பாவுக்கு அந்த நேரத்தில் அப்படியே தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவ்வளவு அசதி. அவள் வாயைத் திறக்க வேண்டியதுகூட இல்லை, சும்மா இருந்தாலே போதும். அண்ணி தானாகவே பழியைத் தூக்கிக்கொண்டாள்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அத்தை, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நீங்க அங்கதானே நிப்பீங்க. அம்மா பிடிக்கிறத ஒவ்வொரு தடவையும் பாத்துட்டுத்தானே நின்னீங்க. அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"தோணல," என்றாள் பாப்பா.

"ஒரு தடவகூட?"

"இல்லம்மா. எனக்கு மீட்டர்தான் கண்ணுல இருந்துச்சு." அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எப்போதும் நாற்காலி கேட்கிறவள். "அண்ணி, இங்க பாரு. நீ ஒண்ணும் பண்ணல. கொழாயத் தொறந்தா வர்ற தண்ணிய யாரா இருந்தாலும் பிடிக்கத்தான் செய்வாங்க. நான் பூமிக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தேன். நீ என்ன குடிக்கிறேன்னு நான் பாக்கவே இல்ல. ஆனா குடிக்கலாம்னு சொல்லிட்டுப் போனேன். கொதிக்க வெக்காதேன்னும் நான்தான் சொன்னேன். தெருவுக்கும் நானே சொல்றேன். எங்கண்ணன் சொல்ல வேணாம்."

"சொல்லு, சொல்லு," என்றார் அண்ணன் வெடுக்கென்று. "சொல்லிட்டு அந்தக் கொழாயையும் புடுங்கிட்டுப் போ." எழுந்து கடைக்குள் போய்த் தையல் மெஷினை ஓட்ட ஆரம்பித்தார். துணி எதுவும் வைத்துத் தைத்த மாதிரித் தெரியவில்லை.

அண்ணி தோலுரிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்போ என் பாத்திரமெல்லாம் சுத்தமாத்தான் இருந்துச்சா?"

"சுத்தமாத்தான் இருந்துச்சு அண்ணி."

அதற்குத்தான் அண்ணி வாய்விட்டு அழுதாள்.

தெருவில் சொன்னது ஒரு பாடு என்றால் அலுவலகத்தில் சொன்னது அதைவிடப் பெரிய பாடு. பெரிய அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், உங்க அண்ணன் வீட்டுப் போர்ல விரிசல். அது ஒரு தனிக் கேஸ். அதுக்காக இத்தனை வருஷம் நாம பாத்த கெணறு, போர் அத்தனையையும் மறுபடி பாக்கணும்னா? முறை தப்பில்லையே. எல்லாரும் இப்படித்தானே பிடிக்கிறாங்க?"

"முறை தப்பில்ல சார். ஆழத்துத் தண்ணி எப்படி இருக்குன்னு கேட்டா அதுதான் முறை. குடிக்கலாமான்னு கேட்டவங்களுக்கும் அதையே பண்ணிட்டு, குடிங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கோம்."

"ஓய்வா இருக்க வேண்டிய நேரத்துல..." என்று இழுத்தார் அவர்.

"ஜீப்பு மட்டும் குடுங்க சார். மீதிய நான் பாத்துக்கறேன்."

ஜீப் கிடைத்தது. அவளோடு பல காலம் அலைந்த டிரைவருக்கும் முதுகு வலி. இருவரும் ஆளுக்கொரு தைல வாசனையோடு கிளம்பினார்கள். முதலில் எங்கே போவது என்று டிரைவர் கேட்டதற்கு, பக்கத்தில் எதுவோ அது என்றாள். செங்கல் சூளைக்குப் பின்னால், வேலையாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு நடுவில் ஒரு போர் இருந்தது. நல்ல தண்ணீர் என்று அவள் எப்போதோ சொல்லிவிட்டுப் போன இடம். பம்ப்பைச் சுற்றிச் செங்கல் தூள் சிவப்பாகப் படிந்திருந்தது. சூளையில் அன்றைய வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. மோட்டாரும் இன்னும் போடவில்லை.

ஜீப்பைப் பார்த்ததும் ஒரு குரல் கேட்டது. "ஏய், கொட்டுற டாக்டரம்மா வந்திருக்காங்க, கொடத்த எடுங்கடி!"

அவள் பெட்டியைத் திறப்பதற்குள் வரிசை நின்றுவிட்டது. பிளாஸ்டிக் குடம், தகர வாளி, பெயிண்ட் டப்பா. முன்னால் நின்ற ஒருத்தி, பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற சின்னப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"கைப்புள்ளக்காரி மொதல்ல பிடிக்கட்டும். எப்பவும் மொதக் கொடம் இவளுக்குத்தான், டாக்டரம்மா. புள்ளைய வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பா, பாவம்."

மோட்டார் போட்டார்கள். குழாய் இருமி, காற்றைத் துப்பி, தண்ணீர் வந்தது. சின்னப் பெண் குடத்தை வைக்கக் குனிந்தாள். பாப்பா அவள் தோளில் கை வைத்துத் தடுத்து, பாட்டிலைத் திறந்து, அந்த முதல் தண்ணீரில் பிடித்தாள்.

"என்னம்மா," என்று சிரித்தாள் முன்னால் நின்றவள். "நீங்க எப்பவும் கடைசியிலதானே பிடிப்பீங்க?"

"ஆமா. கடைசியிலதான் பிடிச்சிட்டிருந்தேன்." மூடியைத் திருகிக்கொண்டே அந்தக் குழந்தையைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிசாக இருந்தது. "புள்ளைக்கு வயித்துக்கு ஏதாவது வந்துச்சா?"

சின்னப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "வந்துச்சும்மா. அடிக்கடி வருது. ஆனா அது தண்ணியால இல்லம்மா. தண்ணி நீங்க பாத்ததாச்சே. நான்தான் பாட்டில சரியாக் கழுவறதில்ல."